புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்

போன மாதம் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி போன் செய்தாள். வயது இருபத்து நான்கு. மும்பையில் ஊனமுற்ற பிள்ளைகளைப் பராமரிக்கும் ஓர் இல்லத்துக்கு ஊழியத்துக்கு வரப்போகிறாளாம். ஆண்டவர் அழைக்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சபையில் வழியனுப்பு ஜெபத்துக்கு நாளும் குறித்தாயிற்று. "அக்கா, என்னென்ன எடுத்துட்டு வரணும்?" என்று கேட்டாள். நல்ல குடை ஒன்று, சீக்கிரம் காயும் துணி, ஸ்வெட்டர் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். 2018 ல் நானும் ஒரு அக்காவிடம் இதே கேள்வியைத்தான் கேட்டேன். அவர்களும் குடையைப் பற்றித்தான் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் வேறு சில விஷயங்களைச் சொல்லியிருந்தால் ஒரு பிள்ளை ஒன்பது நாள் ஆக்ஸிஜனில் கிடந்திருக்க மாட்டான். அதனால் அந்தத் தங்கச்சியிடம் ஒன்றரை மணி நேரம் பேசினேன். பேசியதையும், பேச விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் நாசரேத் பக்கம். ஆசிரியர் பயிற்சி முடித்து ஒரு தொடக்கப் பள்ளியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். டோனாவூர் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 ல் டோனாவூருக்கு வந்தது, கோவிலுக்கு விடப்பட்ட சிறுமிகளைக் காப்பாற்றி வளர்த்தது, 1931 ல் விழுந்து அடிபட்ட பிறகு 1951 ல் மறையும் வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்துகொண்டு வேலையை நடத்தியது எல்லாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடம். தன்னை உருக்கிக்கொண்டவர் என்றே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவரைச் சுற்றி எத்தனை சகோதரிகள் வேலையைப் பங்கிட்டுச் செய்தார்கள் என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருபத்தொன்பது வயதில் வேலையை விட்டேன். சபையும் இரண்டு குடும்பங்களும் சேர்ந்து மாதம் 7,000 ரூபாய் ஆதரவு தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஜூன் மாதம் திருநெல்வேலியில் ரயில் ஏறி, இரண்டு இரவு பயணம் செய்து தாதரில் இறங்கியபோது நல்ல மழை. எனக்கு இந்தி 'அச்சா', 'பானி' அளவுக்குத்தான் தெரியும். மராத்தி ஒரு சொல் தெரியாது.

இல்லம் மும்பையின் கிழக்குப் புறநகரில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளம். பதினான்கு பிள்ளைகள், நான்கு வயது முதல் பதினாறு வரை. பெரும்பாலும் மூளை முடக்குவாதம், டாக்டர்கள் செரிப்ரல் பால்சி என்பார்கள். பிறக்கும்போது மூச்சுத் திணறியது, குறைமாதத்தில் பிறந்தது, பிறந்தவுடன் மஞ்சள் காமாலை கடுமையானது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காரணம். பொறுப்பில் அறுபது தாண்டிய ஒரு பெரியம்மா இருந்தார்கள். சமையலுக்கு ஒரு அக்கா அங்கேயே தங்கியிருந்தார். தினமும் டிட்வாலா பக்கமிருந்து லோக்கல் ரயிலில் வந்து போகும் இரண்டு மௌஷிகள் உண்டு. ஆயா வேலை செய்பவர்களை மும்பையில் மௌஷி என்றுதான் கூப்பிடுவார்கள், சித்தி என்று அர்த்தம். பேச வரும் பிள்ளைகள் என்னைத் 'தாயி' என்று கூப்பிட்டார்கள். மராத்தியில் அது அக்கா. என் காதில் அது தாய் என்றுதான் விழுந்தது. முதல் வாரம் முழுக்க அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் கண் கலங்கும். இந்த ஒரு சொல்லுக்காகவே வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்கிறவர்கள் உண்டு. விடியற்காலை நாலே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வரும், ஒன்றேகால் மணி நேரத்தில் நின்றுவிடும். அதற்குள் டிரம்கள் எல்லாம் நிரம்ப வேண்டும். ஆறு மணிக்கு இரவு நனைந்த படுக்கைகளை மாற்றுவது, ஒவ்வொருவராகத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோவது, குளிப்பாட்டுவது. எட்டு மணிக்கு வலிப்பு மாத்திரை. அப்புறம் காலை உணவு. அதற்குப் பிறகு கைகால் நீட்டும் பயிற்சி, பாட்டு, கொஞ்சம் எழுத்து. மலச்சிக்கல் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய வேதனை என்று போன பிறகுதான் தெரிந்தது. நடமாட்டம் இல்லாத உடம்பு, அதோடு தண்ணீரும் குறைவாகவே உள்ளே போகும். ஒரு பிள்ளை காலையிலிருந்து காரணமில்லாமல் கத்தினால் முதலில் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் பல், காது. பேச முடியாத பிள்ளை பிடிவாதத்துக்குக் கத்துகிறது என்று ஒரு நாளும் முடிவு செய்யாதீர்கள். மதியம் துணி துவைப்பது. மழைக்காலத்தில் பதினான்கு பிள்ளைகளின் துணி காயவே காயாது. ஈரத் துணியால் தோல் புண்ணாகும். படுத்தே இருக்கும் பிள்ளைகளை இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட வேண்டும், இரவிலும். நான் அலாரம் வைத்துக்கொண்டு எழுந்திருப்பேன். முதல் வருடம் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கிய இரவுகள் மிகக் குறைவு. அதை ஜெபக் கடிதத்தில் சந்தோஷமாக எழுதி ஊருக்கு அனுப்பினேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு எடுக்கிறாயா என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.

தூக்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் முப்பது கிலோ இருப்பான். தசைகள் இறுகியிருப்பதால் அவன் உடம்பு நம் பக்கம் வளைந்து வராது, கட்டை மாதிரி விறைக்கும். நாம் இடுப்பை வளைத்துக் குனிந்து, கையை நீட்டித் தரையிலிருந்து தூக்குவோம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. 2019 தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் சகோதரி ஆறு வாரம் வந்திருந்தார். வந்த முதல் நாளே நாங்கள் தூக்குவதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். முழங்காலை மடக்கு, பிள்ளையை உன் நெஞ்சோடு சேர்த்துக்கொள், இடுப்பைத் திருப்பாதே, பாதத்தைத் திருப்பு, இருபது கிலோவுக்கு மேல் என்றால் இரண்டு பேர் சேர்ந்து மட்டும் தூக்கு என்று தினமும் சொல்லிக் கொடுத்தார். அவர் இருந்த ஆறு வாரம் அப்படிச் செய்தோம். அவர் போனதும் பழைய வழக்கம் வந்துவிட்டது. இரண்டாவது ஆளைக் கூப்பிட்டுக் காத்திருக்க நேரமில்லை என்பதுதான் காரணம். உயரமான கட்டில் வாங்கியிருந்தாலே பாதிப் பாரம் குறைந்திருக்கும். கட்டிலுக்குக் காசில்லை என்று பிள்ளைகளைத் தரையில் படுக்க வைத்திருந்தோம். அதே வருடம் அரிசிப் பாயசத்தோடு ஆண்டு விழா நடத்தினோம்.

வலிப்பு வரும் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தார்கள். ஊரில் வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பார்கள், அதைத்தான் நானும் பார்த்து வளர்ந்தேன். மௌஷி வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைப்பார். இரண்டாலும் எதுவும் நடக்காது. பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கூடவே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. டாக்டரிடம் முன்பே கேட்டு, மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரேயை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாக வரும். குறைந்தது மூன்று வாரத்து மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது ஊரடங்கின்போது, மாத்திரை தீர்ந்து நான்கு மருந்துக்கடைகளுக்கு நடந்தபோது.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். 2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. அன்று நள்ளிரவோடு மும்பை லோக்கல் ரயில்கள் நின்றன. திங்கட்கிழமை இரண்டு மௌஷிகளும் வரவில்லை, வர வழியே இல்லை. அத்தியாவசிய ஊழியர்களுக்காக ரயில் மறுபடி ஓடியது ஜூன் 15 லிருந்துதான், அதிலும் எங்கள் மௌஷிகளை ஏற விடவில்லை. ஐந்து பிள்ளைகளைப் பெற்றோர் வந்து அழைத்துப் போனார்கள். ஒன்பது பேர் மிஞ்சினார்கள். பெரியம்மாவுக்குச் சர்க்கரை, வெளியே வரக்கூடாது, பாரம் தூக்கவும் முடியாது. சமையல் அக்காவும் நானும். ஊரிலிருந்து வரும் ஆதரவுப் பணமும் நான்கு மாதம் வரவில்லை. சபையே பூட்டிக் கிடந்தபோது யாரைக் குறை சொல்வது.

ஒன்பது பேரில் ஆறு பேருக்கு நாம்தான் ஊட்ட வேண்டும். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு ஒழுங்காக ஊட்டினால் ஒரு வேளைக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகும். ஆறு பேர், மூன்று வேளை. கணக்குப் போட்டால் ஊட்டுவதற்கு மட்டும் ஒரு நாளைக்குப் பத்தரை மணி நேரம். குளிப்பாட்டுவது, துவைப்பது, திருப்பிப் போடுவது எல்லாம் அதற்கு மேல். அந்தக் கணக்கை அன்றே தாளில் எழுதிப் பெரியம்மாவிடம் காட்டி, இது ஆகாது, ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். பக்கத்துக் குடியிருப்பிலேயே வேலையிழந்த பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். எனக்கு அது தோன்றவில்லை. பலம் தாரும் என்று ஜெபித்தேன், ஊட்டும் நேரத்தைக் குறைத்தேன். பிள்ளையை மடியில் சாய்த்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டு, கஞ்சியைக் கொஞ்சம் தண்ணியாகக் கரைத்து ஊற்றினால் பத்து நிமிடத்தில் ஒரு கிண்ணம் உள்ளே போய்விடும். ஊரில் கைக்குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவதைப் பார்த்திருக்கிறேனே, அதே மாதிரிதான். பிள்ளை பட்டினி கிடக்கவில்லை என்ற திருப்தியும் இருந்தது.

மிஞ்சியவர்களில் கடைக்குட்டி ஒருவன் இருந்தான், ஏழு வயது, சின்னவன் என்று கூப்பிடுவோம். பேச்சு வராது, ஆனால் நான் பாடினால் மேல் வரிசைப் பல் தெரியச் சிரிப்பான். சாப்பிடும்போது அவனுக்கு அடிக்கடி புரை ஏறும். கண்ணில் தண்ணீர் முட்டும், முகம் சிவக்கும், மூக்கு வழியாகக் கஞ்சி வரும். நான் உச்சந்தலையில் தட்டி, "யார்டா உன்னை நினைக்கிறா, உங்க அம்மாவா?" என்று கேட்பேன். நம் வீடுகளில் அப்படித்தானே சொல்கிறோம். அவனும் சில சமயம் இருமலுக்கு நடுவே சிரிப்பான். ஏப்ரலில் இரண்டு தடவை காய்ச்சல் வந்து போனது. சாப்பிட்ட பிறகு நெஞ்சில் கை வைத்தால் கொதிக்கிற உலை மாதிரி களகளவென்று தெரியும். சளி என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். மே மாதக் கடைசியில் புரை ஏறுவது குறைந்தது. தேறிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் அவனுக்கு இருமத் தெம்பில்லாமல் போயிருந்தது.

ஒரு வியாழக்கிழமை விடியற்காலை திருப்பிப் போடப் போனேன். உடம்பு கொதித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினேன். அந்த நாட்களில் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் என்றால் எந்த ஆஸ்பத்திரியும் உள்ளே விடத் தயங்கியது. இரண்டு இடத்தில் படுக்கை இல்லை என்றார்கள். மூன்றாவது இடம் ஒரு தனியார் நர்சிங் ஹோம். 50,000 ரூபாய் முன்பணம் கட்டினால்தான் அட்மிஷன் என்றார்கள். அந்த வாசலில் நின்று யார் யாருக்குப் போன் செய்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. தாராவியில் நம் ஊர்க்காரர் சபை ஒன்றின் மூப்பர் அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் பணத்தோடு வந்தார். கொரோனா இல்லை என்று முடிவு வந்தது. வலது நுரையீரலில் நிமோனியா. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: படுக்க வைத்தா ஊட்டுகிறீர்கள்? நான் ஆமாம் என்றேன். அவர் திட்டவில்லை. உணவு வயிற்றுக்குப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது, மாதக்கணக்காக, என்று மட்டும் சொன்னார். அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுத முயன்று பார்த்தேன், முடியவில்லை. இரண்டு வருடம் தூங்காமல் பார்த்த பிள்ளை. என் கைதான் அவனை மூச்சு முட்ட வைத்திருக்கிறது.

ஒன்பது நாளுக்கு 1,04,000 ரூபாய் பில். இல்லம் 30,000 கொடுத்தது. தாராவிச் சபை 22,000 திரட்டிக் கொடுத்தது. மீதி 52,000 என்னுடையது. பள்ளி வேலையில் சேர்த்து வைத்தது 31,000, மிச்சத்துக்கு அம்மா போட்டுவிட்ட சங்கிலியை அடகு வைத்தேன். இதில் என் மனதை அறுப்பது என்னவென்றால், நிராமயா என்று ஒரு காப்பீடு இருக்கிறது. 1999 ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கானது. வருடத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வரை கிடைக்கும், கட்டுவது சில நூறு ரூபாய்தான், முன்கூட்டி எந்தப் பரிசோதனையும் கேட்பதில்லை. செலவு செய்துவிட்டு ரசீதுகளைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். சின்னவனுக்கு அது இல்லை. ஏனென்றால் ஊனச் சான்றிதழ் இல்லை. ஏனென்றால் அவனை அரசு ஆஸ்பத்திரிக்கு இரண்டு மூன்று நாள் அலைந்து அழைத்துப் போக ஆள் இல்லை என்று ஒன்றரை வருடமாகத் தள்ளிப் போட்டிருந்தோம். நீங்கள் எந்த இல்லத்தில் சேர்ந்தாலும் முதல் மாதமே ஒவ்வொரு பிள்ளையின் ஃபைலையும் திறந்து பாருங்கள். ஊனச் சான்றிதழ், அதோடு வரும் யுடிஐடி என்ற ஊனமுற்றோர் அடையாள அட்டை, ஆதார், நிராமயா, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு. இந்த ஐந்தில் எது இல்லையோ அதுதான் உங்கள் முதல் ஊழியம். 2016 ல் வந்த ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் இருபத்தொரு வகை ஊனங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன, நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். பதினெட்டு வயது நெருங்கும் பிள்ளைகளுக்குச் சட்டப்படி பாதுகாவலர் யார் என்று மாவட்ட உள்ளூர்க் குழுவில் மனுச் செய்ய வேண்டியதும் உண்டு. எங்கள் பெரிய பையனுக்கு அதை யாரும் யோசிக்கவேயில்லை.

ஊட்டுவது எப்படி என்று அந்த நர்சிங் ஹோமில் ஒரு தெரபிஸ்ட் பெண் எனக்குக் கற்றுக் கொடுத்தார். அதை அப்படியே தருகிறேன். பிள்ளை நிமிர்ந்து உட்கார வேண்டும், இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதத்துக்கு அடியில் ஏதாவது முட்டுக் கொடுத்து. உட்காரப் பலமில்லை என்றால் மூலையில் மெத்தையை மடித்து வைத்தாவது. நாம் அவன் கண்ணுக்கு நேரே, அவனைவிடக் கொஞ்சம் தாழ்வாக உட்கார வேண்டும். மேலே இருந்து ஊட்டினால் அவன் அண்ணாந்து பார்ப்பான், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். தாடை லேசாக நெஞ்சைப் பார்த்திருக்க வேண்டும். சின்னக் கரண்டியில் பாதி. கரண்டியை நாக்கின் நடுவில் அழுத்தி வைத்து நேராக வெளியே எடுங்கள், மேல் பல்லில் வழிக்காதீர்கள். அப்புறம் காத்திருங்கள். தொண்டைக் குமிழ் ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. தண்ணீரும் ரசமும்தான் ஆபத்து, வேகமாக ஓடிவிடும். ராகிக் களிக்கும் கூழுக்கும் நடுவான பதம் நல்லது, ஆனால் எந்தப் பதம் என்பதை அந்தப் பிள்ளையைப் பார்த்த தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. புரை ஏறுவது, குரல் ஈரமாகக் கேட்பது, கண் கலங்குவது, அடிக்கடி காய்ச்சல், எடை ஏறாமலிருப்பது, இவற்றில் எதைப் பார்த்தாலும் டாக்டரிடம் போங்கள். இருமவே இருமாமல் உள்ளே இறங்குவதும் உண்டு, அது இன்னும் மோசம். சின்னவனுக்கு இரண்டு மாதம் மூக்கு வழியாகக் குழாயில்தான் உணவு போனது.

என் உடம்பு ஆகஸ்டில் விழுந்தது. ஒரு பிள்ளையைக் குளியலறைத் தரையிலிருந்து தூக்கும்போது இடுப்பில் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது, நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எம்ஆர்ஐ 7,000 ரூபாய். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். அக்டோபரில் சிறப்பு ரயிலில் படுத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். எட்டு மாதம் அம்மாதான் எனக்குச் சேலை மடித்துக் கொடுத்தார்கள். பிசியோதெரபிக்கு 26,000. சங்கிலியை மீட்கும்போது வட்டி மட்டும் 9,400. எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து போனது 94,400 ரூபாய். அந்த இரண்டேகால் வருடத்தில் எனக்கு வந்த மொத்த ஆதரவுப் பணத்தில் பாதிக்கு மேல். எனக்கென்று மருத்துவக் காப்பீடு இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை, வேலை ஒப்பந்தம் என்று ஒரு தாள்கூட இல்லை. ஊழியத்துக்கு எதற்குத் தாள் என்று நானே முன்பு சொல்லியிருக்கிறேன். பணத்தைவிட, படுக்கையில் கிடந்த அந்த மாதங்களில் வந்த கோபம்தான் அதிகம். சபை ஐயா பார்க்க வந்து, சோதனைக் காலம், பொறுமையாக இருங்கள் என்றார். சோதனை இல்லை ஐயா, ஆள் பற்றாக்குறை என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாங்க கேட்டிருக்கணும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய மருந்து.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஆய்க்குடிக்குப் போனேன். தென்காசி மாவட்டம், எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரம்கூட முழுசாக ஆகாது. 1975 ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் 1981 ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கே இருக்கிறது. பிள்ளைகளை எப்படி உட்கார வைக்கிறார்கள், எப்படித் தூக்குகிறார்கள், எவ்வளவு பொறுமையாக ஊட்டுகிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க நின்று பார்த்தேன். இதை விட்டுவிட்டா இரண்டாயிரம் கிலோமீட்டர் போனேன் என்று அழுகை வந்தது. சென்னை முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் பயிற்சிகள் உண்டு. மும்பையிலேயே ஹாஜி அலியில் 1955 லிருந்து மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பிள்ளைக்கு அளவெடுத்துக் காலணியும் இருக்கையும் செய்து தருவார்கள். இரண்டு வருடம் அந்த ஊரிலேயே இருந்தும் எனக்குத் தெரியாது. கிளம்பும் முன் மூன்று மாதமாவது இப்படி ஓர் இடத்தில் இருந்து கற்றுக்கொண்டு போங்கள். அழைப்பு மூன்று மாதத்தில் ஓடிப்போகாது.

பண விஷயத்தில் இன்னொன்று. ஊரடங்கில் நான் எழுதியதைப் படித்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், பிள்ளைகளுக்காக உன் சொந்தக் கணக்குக்கே பணம் அனுப்புகிறேன் என்றார். நான் கணக்கு எண்ணைக் கூடக் கொடுத்துவிட்டேன். நல்ல வேளையாக தாராவி மூப்பர் தடுத்தார். இந்த மாதிரிச் சேவைக்கு வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர முடியும். தனி ஆள் வாங்கினால் சட்டச் சிக்கல், இல்லத்துக்கும் சேர்த்து. அன்பாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கிவிடாதீர்கள்.

அந்தப் பழைய இல்லம் 2021 ல் மூடப்பட்டது. சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதைச் செய்யவில்லை. பிள்ளைகளைக் குழந்தைகள் நலக் குழு வேறு வேறு இல்லங்களுக்கு மாற்றியது. சின்னவன் எங்கே போனான் என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. 2022 ஜனவரியில் அந்த இல்லத்துக்கே விண்ணப்பம் போட்டேன். இந்தத் தடவை எழுதி வாங்கினேன்: எட்டு மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் ஓய்வு, மருத்துவக் காப்பீடு, தனியாக எந்த இரவுப் பணியும் கிடையாது. கேட்கும்போது குரல் நடுங்கியது. அவர்கள் ஆச்சரியப்படவில்லை, தாள் ஏற்கெனவே தயாராக இருந்தது. சின்னவன் என்னை மறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்து பழைய பாட்டைப் பாடியதும் மேல் வரிசைப் பல் தெரிந்தது. இப்போது அவனுக்கு நான் ஊட்டினால் நாற்பது நிமிடம் ஆகும். யாரும் அவசரப்படுத்துவதில்லை.

அந்தத் தங்கச்சியிடம் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொன்னேன், அந்த இல்லத்துக்கு அனுப்ப. சிறார் நீதிச் சட்டப் பதிவு எந்தத் தேதி வரை செல்லும்? நாமே ஊட்ட வேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர், ஊட்டுகிறவர்கள் எத்தனை பேர்? எனக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வு? அவளுக்குக் கூச்சம். "ஊழியத்துக்குப் போற இடத்துல இதெல்லாம் கேட்டா தப்பா நினைப்பாங்களேக்கா" என்றாள். தப்பாக நினைத்தால் நினைக்கட்டும், நான் சொன்னேன் என்றே எழுது என்றேன். எழுதினாள். பதிவுச் சான்றிதழின் நகல் வந்துவிட்டது, 2027 வரை செல்லும். ஓய்வு நாள் வெள்ளிக்கிழமை என்றும் பதில் வந்தது. இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. அது வரும் வரை டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆய்க்குடிக்கு அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன் என்றாள்.